பூங்காவுக்கு ஒதுக்கிய இடம்

பெருங்களத்தூரில் ஏரிக்கரையை ஒட்டிய நான்கு ஏக்கர் நிலத்தில் ஒரு குடும்பம் பயிர் வைப்பதை நிறுத்தியபோது, முதலில் போனவை கொக்குகள். நெல் இருந்தவரை வரப்பெல்லாம் அவைதான் நிற்கும். தண்ணீர் வற்றியதும் ஏரியின் மறுகரைக்கு இடம் மாறிவிட்டன. அடுத்த ஆண்டு தரையில் புல் பிடித்தது. ஊர் மாடுகள் வந்து மேய்ந்தன. மாடுகளின் காலடியில், அதுவரை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்த குருவிகள் ஓடத் தொடங்கின.

அப்போது நான் சேலையூரில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருந்தேன். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, யாருக்காவது ஏதாவது நன்மை செய்தே தீர வேண்டும் என்ற தவிப்போடு இருந்த வயது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மொபெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போவேன். கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லாத கரை. மேலே உட்கார்ந்தால் முழு நிலமும் கண்ணுக்குள் அடங்கும்.

அங்கே என்னைக் கட்டிப்போட்டது சாம்பல்தலை வானம்பாடி. சிட்டுக்குருவி அளவே இருக்கும். தரையில் இருக்கும்வரை ஒரு மண்ணாங்கட்டிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. ஆண் பறவை திடீரென்று நேராக மேலே ஏறும். ஒரு தென்னை உயரத்துக்கு மேல் போனதும் இறக்கையை மூடிக்கொண்டு கல்லைப் போல விழும். தரையில் மோதப்போகிறது என்று நாம் பயப்படும் கணத்தில் மீண்டும் எழும். ஒவ்வொரு முறை விழும்போதும் நீளமாக ஒரு விசில். யாரும் கேட்காவிட்டாலும் நாள் முழுவதும் செய்துகொண்டே இருக்கும்.

ஓர் ஆவணி மாதத்துக் காலையில் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்தபோது, பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? எந்த ஆபீசு? அளக்க வந்தியா?"

"இல்லை சார். குருவி பார்க்கிறேன்."

"குருவிய பாக்க இவ்ளோ பெரிய கண்ணாடியா? இத்த வெச்சிகினு என் நெலத்த பாத்தா, நெலத்த எடுக்க வந்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டேனா?"

அவர்தான் நிலத்துக்காரர். பல தலைமுறைகளாக அதே ஊர். ஐம்பது வயதைக் கடந்தவர். சாலையோரம் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் குரல் தணிந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காததையும், ஏரித் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டதையும், நிலத்தை மனைகளாகப் பிரிக்கப் போவதையும் அவராகவே சொன்னார். அவர் சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. நட்டத்துக்குப் பயிர் வைத்துக்கொண்டே இருங்கள் என்று மாதச் சம்பளம் வாங்கும் ஒருத்தி சொல்வது நியாயமாகாது. ஆனால் மனைப்பிரிவு போடும்போது சட்டப்படி ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்கிப் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், அந்தப் பார்க் இடத்தை ஏரிப்பக்கமா ஒதுக்கி, புல்லா அப்படியே விட்டுடுங்களேன். இந்தக் குருவிங்க பிழைச்சுக்கும்."

"ஏரிப்பக்கமா? நல்லா சொன்ன போ! அதான் டீச்சர் காத்து வர்ற மனை. பார்க்குக்கு எப்பவும் கோணல் மூலைதான். அந்தாண்ட சுடுகாட்டு பக்கமா ஒரு மூலை கீது, அத்த தள்ளி வுட்ரலாம்னு கீறேன்."

"அங்க முழுக்கக் கல்லும் குப்பையும். குருவி வராது."

"பார்க்குன்னா குருவி வரணும்னு சட்டத்துல கீதா?"

"இல்லை சார்."

நான் உடனே ஒப்புக்கொண்டது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். சிரித்தார். நான் காட்டிய வானம்பாடியைத் தொலைநோக்கியில் பார்த்தார். அது மூன்று முறை விழுந்து எழுந்ததை வாயைத் திறந்தபடி பார்த்துவிட்டு, ஓர் ஒப்பந்தம் சொன்னார்.

"பங்குனியில சர்வேயர் வர்றாரு. அதுக்குள்ள இந்த விசிலடிச்சான் கூட்டை என் நெலத்துல காட்டு. பறக்கறத காட்டாத. பறக்கறது இன்னிக்கு இங்க கீது, நாளிக்கு குன்றத்தூர்ல கீது. கூடு கட்டி முட்டை வெச்சாதான் குடி வந்துச்சுன்னு அர்த்தம். கூடு எங்க கீதோ அங்க பார்க்கு. கூடு இல்லியா, சுடுகாட்டு மூலை. சரியா?"

சரி என்றேன். அந்த நொடியிலிருந்து பங்குனி வரை என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரே வேலைதான்.

புரட்டாசியில் அவர் நிலத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தார். விலைக்குக் காத்திருக்கும் நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வேலி இல்லாவிட்டால் யாராவது கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஒரு குடிசை முளைக்கும். மாடுகளும் வெளியே நின்றுவிட்டன. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. முட்டையை மிதிக்கக் கால் இல்லை, குஞ்சைத் துரத்த நாய் இல்லை. இதற்குமேல் ஒரு பறவைக்கு என்ன வேண்டும் என்று பள்ளியில் என் தோழியிடம் பெருமையாகச் சொன்னேன். கல்லூரி நாளிலிருந்தே பழக்கம். அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. எதையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபார்க்காமல் நம்ப மாட்டாள்.

"குருவிகிட்ட கேட்டியா?" என்றாள்.

பிறகு மழை வந்தது. அந்த ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாம்பரம் பக்கத்து மக்கள் இன்றும் அடையாளம் சொல்லிப் பேசுவார்கள். பள்ளி பல நாள் திறக்கவில்லை. தண்ணீர் வடிந்து நான் மறுபடி கரையேறியபோது, நிலம் ஆளே மாறியிருந்தது. புல் என் இடுப்புக்கு வந்தது. நடுநடுவே சீமைக் கருவேலங்கன்றுகள் முள்ளோடு எழுந்திருந்தன. சில்லைகள் கூட்டமாகப் புல் விதையைக் கொறித்துக்கொண்டிருந்தன. கதிர்க்குருவிகள் வாலை ஆட்டின. அவற்றுக்கு அது திருவிழா. ஆனால் வானம்பாடி ஒன்றுகூட இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தரையில் ஓடி இரை தேடும் நெட்டைக்காலிக் குருவியும் இல்லை. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி இரண்டு, வேலிக்கு வெளியே மண்பாதையில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன, சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்களைப் போல.

இந்த நிலையில்தான் மார்கழியில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே தோழி சொன்னாள்:

"ஏண்டி, உன் நிலத்துக்கு எங்க ஆடு வருது."

"எந்த நிலத்துக்கு?"

"அதான், குருவி நிலம். வழக்கமா அண்ணன் பக்ரீத் ஆடு கட்டுற இடத்துல இந்த வருஷம் அபார்ட்மென்ட் வருது. நிலத்துக்காரர் வேலிக் கம்பி வாங்கினதே நம்ம கடையிலதான். கேட்டாராம், விட்டுக்கோன்னுட்டாராம்."

"எத்தனை ஆடு?"

"லாரியில வருது. இறங்கினதும் எண்ணிச் சொல்றேன், முதல்ல சாப்பிடு."

நான் சாப்பிடவில்லை. மாலையில் நேரே கேம்ப் ரோட்டில் இருந்த அவள் அண்ணனின் இரும்புக் கடைக்குப் போனேன். அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அங்க ஆடு விட்டீங்கன்னா எல்லாத்தையும் தின்னுடும்."

"ஆடு வேற இன்னாம்மா பண்ணும், உக்காந்து பேப்பர் படிக்குமா?"

"பறவைங்க கூடு கட்டுற இடம் அண்ணா அது."

"இப்ப கூடு கீதா?"

பொய் சொல்ல முடியவில்லை. "இப்ப இல்லை. மாசியில கட்டும்."

"பக்ரீத் தைக்கு முன்னாடியே முடிஞ்சிடுதும்மா. அதுக்கப்புறம் ஒரு ஆடு இருக்காது, நீயே தேடினாலும் கிடைக்காது." ஆணிப் பொட்டலத்தைக் கட்டி வாடிக்கையாளரிடம் நீட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எவ்ளோ குடும்பம் என்கிட்ட பேர் கொடுத்து நம்பிகினு இருக்குது தெரியுமா? மழைத்தண்ணி நிக்காத இடம் இந்தப் பக்கம் இப்ப அது ஒண்ணுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எடை போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம், இல்லாத கூடு. மறுபக்கம், கண்முன்னே இருக்கும் மனிதர்களின் பெருநாள். நிலமோ எனக்குச் சொந்தமில்லை. மறுநாள் தோழி மூலம் ஒரு சமரசம் கேட்டேன்: ஏரிக்கரையை ஒட்டிய பகுதியை மட்டும் கயிறு கட்டி விட்டுவிட வேண்டும், அங்கே ஆடு போகக்கூடாது. பூங்கா அங்கேதான் அமைய வேண்டும் என்று நான் மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். கயிறும் கடையிலிருந்தே வந்தது.

ஆடுகள் வந்தன. கருவேலங்கன்றுகளை வெட்டி, அந்த முள்ளையே வளைத்து இரவுக்குப் பட்டி போட்டார்கள். ஒரு குடும்பத்து ஆடு இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடாமலிருக்க, கடையில் மீந்துபோன பெயிண்டை எடுத்து ஒவ்வொன்றின் முதுகிலும் அடையாளம் தீட்டினார் அண்ணன். ஆகவே பச்சை, நீலம், ரோஜா நிறம் என்று புதிதாகக் கட்டிய சேலையூர் வீடுகளின் வண்ணங்களெல்லாம் அந்த நிலத்தில் நடமாடின. பகல் முழுவதும் மேய்ந்தன. இடுப்பளவுப் புல் முழங்காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு, பிறகு தரைக்கு.

பக்ரீத் முடிந்தது, சில நாளில் பொங்கலும் முடிந்தது. தோழி வீட்டிலிருந்து எனக்குப் பிரியாணியும், எங்கள் வீட்டிலிருந்து அவளுக்குச் சர்க்கரைப் பொங்கலும் ஒரே வாரத்தில் போய்வந்தன. நான் நிலத்தைப் பார்க்கப் போனபோது நிலத்துக்காரர் வேலியருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சர், நெலம் திருப்பதி போயிட்டு வந்தாப்ல கீது!"

உண்மைதான். மழுங்க மொட்டை. எங்கும் புழுக்கை. கயிற்றுக்கு அப்பால் ஏரிப்பக்கத்துப் புல் மட்டும் குடுமி போல நின்றது. சுடுகாட்டு மூலை என்று அவர் சொல்லாமலே எனக்குக் கேட்டது.

மாசியின் முதல் ஞாயிறு. போகவே மனமில்லாமல் போனேன். மொபெட்டை நிறுத்தும்போதே தலைக்குமேல் அந்த விசில் கேட்டது. நிமிர்ந்தேன். ஒன்று விழுந்து எழுந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று. வேலிக்கு வெளியே நின்ற ஆள்காட்டிகள் உள்ளே வந்து, புழுக்கைகளுக்கு நடுவே வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தன. நெட்டைக்காலி காலை நீட்டி நீட்டி ஓடியது. நான் கரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

காரணம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இவை நடந்து பிழைக்கும் பறவைகள். பூச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டும், பகையையும் கண்ணால் பார்க்க வேண்டும். இடுப்பளவுப் புல் அவற்றுக்குக் கதவடைத்த வீடு. முன்பு மாடுகள் மேய்ந்து திறந்து வைத்திருந்ததை, வேலி மூடிவிட்டது. பயிரை நிறுத்தி நிலத்தை விட்டுவிட்டால் போதும், பறவைகள் பெருகும் என்பது பாதி உண்மை. எப்படி விடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சில பறவை வரும், சில பறவை போகும். ஆடு மேய்ந்த பக்கம் வானம்பாடிக்கு. கயிறு காத்த பக்கம் சில்லைக்கு.

தோழியிடம் சொன்னபோது அவளுக்கு வாய் காதுவரை போனது. "ஆக, நீ பூட்டி வெச்ச வீட்டை எங்க ஆடுங்க வந்து பெருக்கிட்டுப் போயிருக்கு. அண்ணன்கிட்ட தேங்க்ஸ் சொல்லு. இல்ல, வேணாம், அடுத்த வருஷம் அதைச் சொல்லியே உன்கிட்ட ரெண்டு லாரிக்கு அனுமதி வாங்கிடுவாரு."

ஆனால் விசில் போதாது, கூடு வேண்டும். மாசி முழுவதும் தேடினேன். ஏரிப்பக்கத்தை ஒட்டியே தேடினேன், கிடைக்கவில்லை. பங்குனி பிறந்தது, சர்வேயர் வரும் வாரமும் வந்தது. சனிக்கிழமை மாலை தோழியும் குடையோடு வந்தாள். ஏரிப்பக்கம் பார்த்து உட்காரப் போன என்னைத் தடுத்தாள்.

"நீ உனக்கு வேணுங்கிற இடத்துல தேடுறே. அது எங்க இறங்குதோ அங்க பாரேன்."

குடையின் நிழலில் உட்கார்ந்து, பெண் பறவை ஒன்றை விடாமல் கவனித்தோம். அது நிலத்தின் நட்டநடுவில் இறங்கியது. கொஞ்சம் ஓடியது, நின்றது, மறைந்தது. மீண்டும் எழவில்லை. நாங்கள் அடிமேல் அடி வைத்துப் போனோம். காலடியிலிருந்து அது விருட்டென்று பறந்தபோது, ஆட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. உள்ளே வேர்நாரும் முடியும் மெத்தையாக விரித்திருந்தன. விளிம்பில் சிறுசிறு கற்கள், யாரோ கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல. இரண்டு முட்டைகள், புள்ளி போட்டவை.

தோழி குனிந்து பார்த்தாள். மெத்தையில் ஒரு முடி ரோஜா நிறத்தில் இருந்தது.

"எங்க மாமி வீட்டு ஆடு," என்றாள் அமைதியாக.

மகிழ்ச்சி அடங்கியதும் கவலை வந்தது. கூடு இருந்தது மனை வரைபடத்தின்படி முப்பதடிச் சாலை வரவேண்டிய இடம்; அதன் இருபுறமும் விலை கூடிய முனை மனைகள். நான் கேட்டது ஏரிக்கரை. பறவை கேட்டது நடு நிலம். இதைக் காட்டினால் அவர் பின்வாங்கலாம். கூடு என்று வேறு எதையாவது ஏரிப்பக்கம் காட்டலாமா என்று ஒரு நொடி ஓடிய நினைப்பைத் தோழி முகத்திலேயே படித்துவிட்டாள். "சும்மா இரு" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டேன். நிலத்துக்காரரும் சர்வேயரும் மஞ்சள் அடித்த கற்களோடு வந்திருந்தார்கள்.

"கூடு கிடைச்சிருக்கு சார்."

"எங்க, ஏரிப்பக்கமா?" குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"இல்லை. நடுவுல."

அழைத்துப்போய்க் காட்டினேன். "எங்க? வெறும் கல்லுதானே கீது" என்றார். "அந்தக் கல்லுக்கு நடுவுல சார்." வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குந்தினார். பார்த்தார். வெகுநேரம் எழவில்லை.

"இத்துனூண்டு கூடு. இதுக்கா நான் பார்க்கு குடுக்கணும்?"

ஒப்பந்தம் சொன்னவர் அவர், முடிவும் அவருடையது. சர்வேயர்தான் வரைபடத்தை விரித்தார்.

"சார், இது முப்பதடி ரோடு வர்ற இடம்."

"நகத்துய்யா ரோட்ட."

"நகத்துனா கார்னர் மனை நாலு போயிடும் சார்."

நிலத்துக்காரர் எழுந்து நின்றார். ஏரியைப் பார்த்தார், சுடுகாட்டு மூலையைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார்.

"பார்க்கு நடுவுல வந்தா, சுத்தி வர்ற மனை எல்லாம்?"

"பார்க் ஃபேசிங் சார். அதுவும் ஒரு மதிப்புதான்."

"ஏரிப்பக்கத்து மனை எல்லாம் அப்படியே எனக்கு நிக்குது?"

"நிக்குது சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், நீ கேட்ட எடத்துல இது கூடு கட்டியிருந்தா நான் காலி. உன்ன விட இதுக்கு என் கஷ்டம் தெரிஞ்சிருக்கு. சொன்னா சொன்னதுதான். கூடு எங்க கீதோ அங்க பார்க்கு." பிறகு, கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "யோவ், இங்க நடாத! குஞ்சு பறக்கட்டும், சித்திரையில வந்து நடு."

வரைபடம் மாறியது, அப்படியே அனுமதியும் கிடைத்தது. இதில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏரிப்பக்கத்துப் புல் மனைகளாயிற்று. சில்லைகள் ஏரியோரச் சம்புப் புதருக்குள் ஒதுங்கின. நடுவில் கிடைத்த துண்டும் வானம்பாடிகளுக்குத் தனியாகப் போதாத அளவுதான். ஆனால் மனைகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு விலை ஏறக் காத்திருந்தார்கள். எந்த விலைக்காக நெல் நிலம் மனையானதோ, அதே விலைக்கான காத்திருப்பு பல ஆண்டுகள் அந்த மனைகளைப் புல்லாகவே வைத்திருந்தது. பேரூராட்சியிடம் பூங்கா அமைக்கும் திட்டம் எதுவும் உடனடியாக இல்லாததும் எங்களுக்கு வாய்த்த நன்மை. பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்தள்ளி வருவதால், அதே ஆங்கில ஆண்டின் கடைசியில் இன்னொரு பக்ரீத் வந்தது. இம்முறை யாரும் அனுமதி கேட்கவில்லை, நிலத்துக்காரரே இரும்புக் கடைக்குப் போன் போட்டு, "இன்னா பாய், ஆடு எப்ப வருது? புல்லு ஏறிக்கினே போவுது" என்று அவசரப்படுத்தினாராம். ஏரிப்பக்கத்து மனைக்காரர் ஒருவர் பூங்காவில் வேப்பங்கன்றுகள் நட முன்வந்தபோது, மரம் வேண்டாம் என்று வாதாட நான் போக வேண்டியிருந்தது. சமூக அக்கறையுள்ள ஒருத்தி வாழ்நாளில் செய்ய எதிர்பார்க்காத வேலை. சாலையோரமாக நடலாம், நடுவில் வேண்டாம் என்று முடிந்தது.

அடுத்த பங்குனியில் ஒரு நாள் கரையில் உட்கார்ந்திருந்தேன். நிலத்துக்காரர், மனை வாங்க வந்த ஒருவருக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் பூங்காவுக்கு விட்ட நடுப்புல்லின் குறுக்கே நடக்கப் போனார்.

"சார், சார், அப்படிப் போகாதீங்க. சுத்தி வாங்க."

"ஏன், காலி இடம்தானே?"

"காலி இல்ல சார். ஆள் கீது."

வந்தவர் நான்கு திசையும் பார்த்தார். யாரும் தென்படவில்லை. நிலத்துக்காரர் அவரை சாய்ந்து கிடந்த வேலிக்கல் ஒன்றின் மேல் உட்காரவைத்து, மேலே கையைக் காட்டி, "செத்த நேரம் பொறுங்க" என்றார்.